தறி நின்ற நாளின் குரல்கள்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நான் போய் உட்கார்ந்த வீட்டில் கூடம் என்று தனியாக எதுவும் இல்லை. வாசலைத் தாண்டினால் தறி. தறி விட்டுவைத்த இடத்தில்தான் குடும்பம். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் மிதியை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தார். கோர்வைப் புடவை. உடல் மாம்பழ மஞ்சள், கரை அரக்கு. உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு இரண்டு நாடா என்று மூன்று நாடாக்கள் ஓட வேண்டிய வேலை. மறுபக்கத்துக் கரைக்காக மருமகள் அவர் அருகில் உட்கார்ந்திருந்தார். இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஆனால் ஒரு முறைகூட நாடா தவறவில்லை.

அவர் தலைக்கு மேலே மாடத்தில், தோலுறை கிழிந்த ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது.

“பாடுதாங்க ஐயா இன்னும்?”

“எங்க பாடுது தம்பி. பேட்டரி போட்டா இரையும், அவ்ளோதான். தூக்கிப்போட மனசு வரல.”

நெசவாளர் வீடுகளில் வானொலிக்கு இருந்த இடம் மற்றவர்களுக்குச் சட்டென்று விளங்காது. தறியில் உட்கார்ந்தவருக்குக் கண் இழையில் இருக்கும், கை நாடாவில் இருக்கும், கால் மிதியில் இருக்கும். உடம்பில் சும்மா இருப்பது காது ஒன்றுதான். காலைச் செய்தியில் தொடங்கி, இலங்கை வானொலியின் பாட்டு, சாயங்கால நாகஸ்வரம், இரவு நாடகம் என்று அந்தக் காதை நாள் முழுக்க நிரப்பியது அந்தப் பெட்டிதான். தபால் நிலையத்தில் வருடா வருடம் லைசென்ஸ் கட்டணம் கட்டி வைத்திருந்த பெட்டி. ஒரு புடவை முடிய வாரம் ஆகும், வேலைப்பாடு கூடினால் மாதம்கூட ஆகும். அத்தனை நேரமும் அந்தப் புடவையோடு சேர்ந்து நாட்டு நடப்பும் அந்த வீட்டுக்குள் நெய்யப்பட்டது.

பெரியவர் பேச்சுவாக்கில் சொன்னார்: “அண்ணா போன அன்னிக்கு எங்க தெருவுல யாரும் தறியில எறங்கல. எனக்குப் பதினாலு வயசு. அப்பாவுக்குக் கரை நாடா போட்டுக்கிட்டிருந்தேன். ரேடியோவ திண்ணைக்குக் கொண்டாந்து வெச்சாங்க. தெருவே வந்து உக்காந்துகிச்சு.”

1969 பிப்ரவரி 3. நள்ளிரவு தாண்டிச் சற்று நேரத்தில், சென்னையில், 59 வயதில் அண்ணா இறந்தார். காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் 1909 செப்டம்பர் 15-ல் பிறந்தவர். ‘திராவிட நாடு’ இதழை 1942-ல் இந்த ஊரிலிருந்துதான் தொடங்கினார். 1953-ல் கைத்தறி தேங்கி நெசவாளிகள் கஞ்சிக்கு அலைந்தபோது துணியைத் தோளில் போட்டுக்கொண்டு திருச்சித் தெருக்களில் விற்றவர். இந்த ஊருக்கு அவர் முதலமைச்சர் மட்டும் இல்லை, வீட்டுப் பிள்ளை. மறுநாள் சென்னையில் அவருக்குக் கூடிய கூட்டம் ஒன்றரைக் கோடி என்று கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. அந்த எண்ணைப் பற்றி யார் எப்படி வாதிட்டாலும், அந்தக் கூட்டத்தில் போய் நிற்க முடியாதவர்கள் அதைவிடப் பல மடங்கு. அவர்கள் எல்லாரும் போய் நின்ற இடம் வானொலி. இறுதி ஊர்வலத்தின் நேர்முக வர்ணனை, கருணாநிதி தன் கரகரத்த குரலில் வாசித்த கவிதாஞ்சலி, இடையிடையே சோக இசை. தொலைக்காட்சி தமிழ்நாட்டுக்கு வராத காலம் அது. சென்னையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருந்த இந்தத் தெரு, தன் வீட்டுச் சாவைக் காதால்தான் பார்த்தது.

அந்தக் கவிதாஞ்சலி இன்றைக்கும் கைப்பேசியில் கிடைக்கிறது. சில நிமிடத் துண்டு. எத்தனையோ பேர் கைமாறி, எத்தனையோ முறை படியெடுக்கப்பட்டு வந்திருப்பது. நான் அதைப் பெரியவருக்குப் போட்டுக் காட்டினேன். தறி நின்றது. முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னதை இந்தக் கட்டுரையின் கடைசியில் எழுதுகிறேன். ஏனென்றால் நான் சொல்ல வந்த விஷயமே அதில்தான் இருக்கிறது.

கல்லில் உண்டு, காற்றில் இல்லை

காஞ்சிபுரம் எதையும் எழுதிவைக்காத ஊர் இல்லை. வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றில் நடந்து பாருங்கள். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் எழுப்பிய அந்தக் கோயிலின் சுற்றுச் சுவரில், பல்லவர் வரலாறு முழுக்க வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. வாரிசு இல்லாமல் அரசன் இறந்துபோகிறான். ஊர்ப் பெரியவர்களும் கடிகை என்னும் கல்விச்சாலையினரும் இரணியவர்மனிடம் போய் ஒரு பிள்ளையைக் கேட்கிறார்கள். மூத்த மகன்கள் மறுக்க, பன்னிரண்டு வயதுப் பிள்ளை “நான் போகிறேன்” என்று எழுந்து நிற்கிறான். அந்தப் பிள்ளைதான் நந்திவர்மன் ஆனான். காட்சிக்குக் காட்சி சிற்பம், சில இடங்களில் விளக்கக் கல்வெட்டு. ஒரு நகரம் தன் முக்கியமான நாளை நேரடி ஒளிபரப்புப் போலச் சுவரில் ஓடவிட்டிருக்கிறது.

அந்தக் கல்வெட்டில் ஒரு சொல் எனக்கு மறக்காமல் நிற்கிறது. முடிசூட்டின்போது நந்திவர்மனுக்கு உரியதாகச் சொல்லப்படும் சின்னங்களில் ‘சமுத்திரகோஷம்’ என்று ஒன்று. கடலின் முழக்கம் என்று பொருள். அந்தப் பெயர் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லில் இருக்கிறது. அந்த முழக்கம் எப்படி இருந்தது என்பது அன்றைக்கு அங்கே நின்றவர்களோடு போய்விட்டது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஒலியைப் பிடித்துவைக்க அன்றைக்கு வழி இல்லை.

வழி வந்த பிறகும் போனவைதான் வருத்தம். 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு காங்கிரஸ் மாநாடு, திரு.வி.க. தலைமையில். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் அனுமதிக்கப்படாததால் பெரியார் வெளியேறினார். அடுத்த நூறு ஆண்டுத் தமிழ்நாட்டு அரசியலின் பாதை அந்தப் பந்தலில் திரும்பியது. சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியின் ரேடியோ கிளப் அதற்கு முந்தைய வருடமே, 1924-ல், ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. ஆனால் அது மாலை நேரத்தில் கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் பேச்சு என்று ஆர்வலர்கள் நடத்திய சிறு முயற்சி. 1927-ல் பணமின்றி நின்றுபோனது. பிறகு 1930-ல் சென்னை மாநகராட்சி அதைக் கையில் எடுத்து நடத்தியது. பெரியார் பந்தலை விட்டு எழுந்த கணத்தில் கூட்டம் எப்படி இரைந்தது என்று நமக்குத் தெரிய வழியில்லை. அதைப் பற்றி நமக்குக் கிடைப்பது எழுத்து மட்டும்தான்.

அதே ஊரில், அதே காலத்தில், காஞ்சிபுரம் நாயனா பிள்ளை பாடிக்கொண்டிருந்தார். சுப்பிரமணிய பிள்ளை என்பது இயற்பெயர், தனகோடி அம்மாள் குடும்பத்து வாரிசு. வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியத்தோடு ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி செய்தவர். லயத்தில் அவரைப் போல ஒருவர் இல்லை என்று கேட்டவர்கள் எழுதி எழுதி மாய்ந்தார்கள். 1934-ல் இறந்துபோனார். அவர் குரல் ஒரு இசைத்தட்டிலும் இல்லை. காஞ்சிபுரத்துக்காரன் எவனும் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. இசைத்தட்டு தாராளமாகப் புழங்கிய காலத்தில் வாழ்ந்த ஒரு பெரிய பாடகரின் குரல் எப்படி இருந்தது என்று அவர் ஊரிலேயே ஒருவருக்கும் தெரியாது.

பட்டம்மாளின் ஆகஸ்ட்

நாயனா பிள்ளையின் கச்சேரிகளைச் சிறுமியாக உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவர் ஒருவர் இருந்தார். தாமல் கிருஷ்ணசாமி தீட்சிதரின் மகள், 1919-ல் காஞ்சிபுரத்தில் பிறந்த பட்டம்மாள். அவருடைய அம்மாவும் நன்றாகப் பாடக்கூடியவர். ஆனால் வீட்டை விட்டு வெளியே பாடும் உரிமை அவருக்கு இல்லை. மகளுக்கு அந்தக் கதவு திறந்தது. பதின்வயதிலேயே இசைத்தட்டு, பிறகு மேடை. ராகம் தானம் பல்லவி ஆண்களின் சொத்து என்று இருந்த காலத்தில் அதை மேடையில் எடுத்துப் பாடி, ‘பல்லவி பட்டம்மாள்’ என்று பெயர் வாங்கினார்.

சென்னை வானொலி நிலையம் எழும்பூர் மார்ஷல்ஸ் சாலையில் 1938 ஜூன் 16-ல் திறக்கப்பட்டது. அதன் முதல் பத்தாண்டு முடிவதற்குள் வந்தது 1947 ஆகஸ்ட். நேரு டில்லியில் ஆங்கிலத்தில் பேசிய பேச்சு உலகம் முழுக்கத் தெரியும், பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ஒலிப்பதிவாகக் கேட்டிருக்கிறார்கள். தமிழ் வீடுகளுக்குள் சுதந்திரம் வேறு குரலில் வந்தது. விடுதலை நாளில் வானொலியில் பாரதியின் ‘சுதந்திரப் பள்ளு’ பாடியவர் டி.கே.பட்டம்மாள். அதே ஆண்டுத் தொடக்கத்தில் வெளியான ஏ.வி.எம்.மின் ‘நாம் இருவர்’ படத்துக்காகவும் அவர் அதைப் பாடியிருந்தார். பாரதி பாடல்களை இசைத்தட்டிலும் வானொலியிலும் பயன்படுத்தும் உரிமை அப்போது ஏ.வி.மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1949-ல்தான் அரசு அந்த உரிமையைப் பெற்றது.

அந்த நாளைப் பற்றிப் பட்டம்மாள் பின்னாளில் ஒரு நேர்காணலில் சொன்னது இது. பாடியதற்கு வானொலி நிலையம் கொடுத்த பணத்தை அவர் வாங்கவில்லை. நாடே கொண்டாடும்போது அந்த மகிழ்ச்சியில் தனக்கும் பங்கு உண்டு, அதற்குக் கூலி எதற்கு என்பது அவர் எண்ணம்.

நான் இந்தச் செய்தியைப் படித்தபோது முதலில் தோன்றியது, காஞ்சியிலிருந்து போன ஒரு பெண்ணின் குரலில் தமிழ்நாடு சுதந்திரத்தைக் கேட்டது என்பதுதான். அம்மாவுக்கு வாசல் தாண்டிப் பாட வழியில்லை. மகள் பாடியதை ஒரு நாடே வாசலில் உட்கார்ந்து கேட்டது. அவர் அந்தப் பாட்டைப் பாடிய இசைத்தட்டு இன்றும் நம்மிடம் இருக்கிறது. கேட்கும்போதெல்லாம் அந்தக் கனமான, நிதானமான குரல் அவசரமே படாமல் எழும். ஆனால் நான் கேட்க ஏங்குவது அந்த ஆகஸ்ட் ஒலிபரப்பை. பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் என்ன சொன்னார்? அவர் குரல் தழுதழுத்ததா? பாட்டு முடிந்ததும் ஸ்டூடியோவில் ஒரு நொடி மௌனம் இருந்ததா? வரலாற்று நாள் என்பது பாட்டு மட்டும் இல்லை, அதைச் சுற்றியிருந்த மூச்சும்தான்.

காந்தி கொல்லப்பட்ட பிறகு அண்ணாவும் வானொலியில் பேசினார். ‘உலகப் பெரியார் காந்தி’ என்று அந்தப் பேச்சு சிறு நூலாகக் கிடைக்கிறது. அண்ணாவின் பேச்சை அச்சில் படித்தவர்களுக்குத் தெரியும், வாக்கியங்கள் மூச்சு விடாமல் ஓடும். மேடையில் அவர் எங்கே நிறுத்துவார், எங்கே குரலைத் தாழ்த்துவார் என்பது அச்சில் வராது. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதியின் பேச்சும் அப்படித்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ரா.கணபதி தொகுத்து ஏழு பாகங்களாக வந்த அந்த நூலின் பெயரே ‘தெய்வத்தின் குரல்’. குரல் என்று பெயர், கையில் இருப்பது புத்தகம். காஞ்சிப் பெரியவர் இயற்றிய ‘மைத்ரீம் பஜத’ 1966 அக்டோபரில் ஐ.நா. சபையில் எம்.எஸ்.சுப்புலட்சுமி குரலில் ஒலித்தது. அது பதிவில் இருப்பது நம் பாக்கியம்.

நாடா

தறியில் ஓடுவதும் நாடா, ஒலியைச் சுமப்பதும் நாடா. தமிழ் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறது.

வானொலியின் தொடக்க காலத்தில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நேரடி. பாடகர் ஸ்டூடியோவுக்கு வருவார், மைக் முன்னால் பாடுவார், ஒலிபரப்பாகும், முடிந்தது. பதிவு செய்வதென்றால் அரக்குப் பூசிய அலுமினியத் தட்டில் ஊசியால் கீறி எடுக்க வேண்டும். ஒரு தட்டில் சில நிமிடங்களுக்கு மேல் கொள்ளாது, சில முறை போட்டால் தேய்ந்துவிடும். போருக்குப் பிறகு காந்த நாடா வந்தது. வேலை எளிதானது, ஆனால் அதிலேயே ஒரு ஆபத்தும் வந்தது. நாடாவை அழித்து மறுபடி பதியலாம். உலகம் முழுக்க வானொலி நிலையங்கள் இதைச் செய்தன, பி.பி.சி. உட்பட. நேற்றைய நிகழ்ச்சியை அழித்துத்தான் இன்றைய நிகழ்ச்சிக்கு இடம் கிடைத்தது. அழித்தவர் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நாடாவுக்கு விலை உண்டு, நேற்றைய செய்திக்கு விலை கிடையாது என்பது எல்லா அலுவலகத்திலும் நடைமுறைக் கணக்கு.

அழிக்காமல் வைத்ததும் சும்மா இருக்காது. நாடாவின் மேல் இருப்பது இரும்பு ஆக்சைடுத் துகள், அதை ஒட்டிப் பிடித்திருப்பது ஒரு பசை. ஈரம் பட்டால் பசை இளகிப் பிசுபிசுக்கும், ஓடவிட்டால் துகள் உதிரும், துகள் போனால் குரல் போச்சு. வேறு வகை நாடாவில் புளித்த காடி வாடை எழும், சுருளே முறுக்கிக்கொள்ளும். நம் ஊர்க் கடற்கரை ஈரத்துக்கும் ஏப்ரல் வெயிலுக்கும் இது எத்தனை சீக்கிரம் நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, நாடாவை ஓட்டும் இயந்திரங்களும் உதிரி பாகங்களும் உற்பத்தி நின்று வருகின்றன. யுனெஸ்கோவும் ஒலிக் காப்பகங்களின் உலகச் சங்கமும் சேர்ந்து 2019-ல் ‘காந்த நாடா எச்சரிக்கை’ என்றே ஒரு திட்டம் தொடங்கின. இப்போதே எண்ம வடிவுக்கு மாற்றாதவற்றைப் பிறகு கேட்கவே முடியாமல் போகலாம் என்பதுதான் அந்த எச்சரிக்கை.

ஆகாசவாணி தன் காப்பகத்தில் பலவற்றைப் பாதுகாத்து, எண்ம வடிவுக்கு மாற்றி, தலைவர்களின் பேச்சுகளையும் பெரிய வித்வான்களின் கச்சேரிகளையும் வெளியிட்டிருக்கிறது. அதற்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். என் குறை வேறு. ஒலிப்பதிவுகளைத் தேடிப் போன ஒரு இடத்தில் “காஞ்சிபுரம் சம்பந்தமா என்ன இருக்கு?” என்று கேட்டேன். பேசியவர் பெயர் சொன்னால் தேடலாம், பாடியவர் பெயர் சொன்னால் தேடலாம், ஊர் பெயரில் தேட வழி இல்லை என்றார்கள். ஒரு ஊரின் வரலாறு நூறு பெயர்களுக்குள் சிதறிக் கிடக்கிறது. பட்டம்மாள் இசைப் பிரிவில், அண்ணா அரசியலில், நெசவாளர் நிகழ்ச்சி வேறெங்கோ, கருட சேவை வர்ணனை இருந்தால் அது பக்தியில்.

அத்தி வரதரைக் கேட்ட மூன்று தலைமுறை

இந்த ஊரில் காலத்தை அளக்க ஒரு தனி அளவுகோல் உண்டு. வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்தி வரதர் நாற்பது ஆண்டுக்கு ஒரு முறை வெளியே வருகிறார். சென்ற நூற்றாண்டில் 1939, 1979. இந்த நூற்றாண்டில் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள், முதலில் சயனம், ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து நின்ற கோலம்.

1939-ல் சென்னை வானொலி நிலையத்துக்கு ஒரு வயது. 1979-ல் டிரான்சிஸ்டர் எங்கும் இருந்தது, சில வீடுகளில் டேப்ரிக்கார்டர் எட்டிப்பார்த்திருந்தது. 2019-ல் வரிசையில் நின்ற ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஒலிப்பதிவு நிலையம். லட்சக்கணக்கான வீடியோக்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். சின்னக் காஞ்சிபுரத்தில் அந்த 48 நாளும் விடியற்காலை எழுந்த இரைச்சல், தொலைந்துபோன குழந்தைகளின் பெயரை ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்ன குரல், காவலர்களின் விசில், வரிசை ஒரு அடி நகர்ந்ததும் கூட்டம் எழுப்பிய கோவிந்தா. இவற்றை யாராவது தேதி போட்டு, இடம் எழுதி, ஒரு இடத்தில் வைத்திருக்கிறார்களா? 1939-ல் பதிவு இல்லாததால் போனது. 2019-ல் பதிவு அளவுக்கு மிஞ்சி, பெயரும் ஊரும் தேதியும் இல்லாமல் கைப்பேசிகளில் கிடக்கிறது. கைப்பேசி மாற்றும்போது அதுவும் போகும். அடுத்த தரிசனம் 2059. அன்றைக்கு வருகிற பிள்ளை, தாத்தா காலத்தில் இந்தத் தெரு எப்படி இரைந்தது என்று கேட்டால் எதைக் கொடுப்போம்?

எனக்கு ஒரு ஆசை, கோரிக்கை என்றே வைத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, அண்ணா வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. இவற்றில் ஏதாவது ஒன்றில் ஒரு அறை போதும். நான்கு நாற்காலி, நான்கு ஹெட்போன், ஒரு கணினி. இந்த ஊரைப் பற்றி, இந்த ஊரிலிருந்து, இந்த ஊர்க்காரர் குரலில் எங்கெல்லாம் பதிவு இருக்கிறதோ அதன் படி ஒன்று இங்கே வர வேண்டும். மூலம் சென்னையிலோ டில்லியிலோ பத்திரமாக இருக்கட்டும், படி ஊருக்கு வேண்டும். கூடவே ஊரிடமும் கேட்க வேண்டும். பரணில் கேசட் வைத்திருப்பவர்கள், பொதுக்கூட்டப் பேச்சைப் பதிந்து வைத்த கட்சிக்காரர்கள், உற்சவத்தின்போது நாகஸ்வரத்தைப் பதிந்த வீட்டுக்காரர்கள் இந்த ஊரில் நிச்சயம் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும். கேசட் மட்டும் வந்தால் பாதிதான். அது எந்த நாள், எந்த மண்டபம், பின்னால் இருமுவது யார் என்று சொல்லத் தெரிந்தவர் கூட இருந்தால்தான் அது முழுசு.

இதைத்தான் அந்தத் தறிக்காரப் பெரியவர் எனக்குக் காட்டினார்.

கைப்பேசியில் கவிதாஞ்சலி முடிந்ததும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இது நடுவுல இருந்துல்ல ஆரம்பிக்குது” என்றார்.

“எதுக்கு நடுவுல ஐயா?”

“இதுக்கு முன்னாடி ஒருத்தர் பேசுவாரு. ரேடியோக்காரரு. யாரு பேசப் போறாங்கன்னு சொல்லிட்டு, கொஞ்சம் நிறுத்துவாரு. அந்த நிறுத்துல எங்கப்பா எழுந்து நின்னுட்டாரு. அவரு நின்னதும் தெருவுல எல்லாரும் நின்னாங்க. நின்னுக்கிட்டேதான் கேட்டோம். அது இதுல இல்ல.”

“அந்த ரேடியோக்காரர் என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்குங்களா?”

“இருக்கே.”

மருமகளும் நாடாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், வேண்டாம், அதுவும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கைப்பேசியை எடுத்துப் பதிவை அழுத்தினேன். முதலில் நானே பேசினேன். அன்றைய தேதி, மணி, காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம், தெருவின் பெயர், தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவரின் பெயர், வயது. பிறகு கைப்பேசியை அவர் பக்கம் நீட்டினேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.